உள்ளூர் அவசரச் சிகிச்சை மையத்துக்கு ‘முன்னேற்றம் தேவை’ என்று தரம் போட்டிருக்கிறார்கள், அம்மாவை அங்கே கூட்டிப் போகலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: இங்கிலாந்தில் இருக்கிறீர்கள், கூடவே இருக்கும் அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு, பிரஷர் மாத்திரையும் எடுக்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அவசரச் சிகிச்சை மையத்தை, மருத்துவச் சேவைகளைக் கண்காணிக்கும் அமைப்பான சி.க்யூ.சி. சோதனை போட்டு ‘முன்னேற்றம் தேவை’ என்று தரம் கொடுத்திருக்கிறது, அதுவும் ‘பாதுகாப்பு’ என்ற பகுதியிலேயே. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே போவதா, நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுவதா, இந்தச் சோதனையே ஒரு கண்துடைப்பா என்பதுதான் உங்கள் சந்தேகம்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். ஆனால் போவதற்கு முன், அதாவது அம்மா நன்றாக இருக்கும் ஒரு நாளில், அந்த அறிக்கையை உட்கார்ந்து ஒரு தடவை படித்துவிடுங்கள், மேலே போட்டிருக்கும் தரத்தோடு நிறுத்தாமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், வாய் கோணுவது, கை கால் இழுத்துக்கொள்வது, திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இதில் எது வந்தாலும் மையத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், நேரே ஆம்புலன்ஸுக்கான 999.

நான் இதே மாதிரி இரவு நேர ஜி.பி. (குடும்ப டாக்டர்) சேவை ஒன்றில் பதினோரு வருடம் நர்ஸாக இருந்தேன். மூன்று சோதனைகளின்போது உள்ளே நின்று பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் இது கண்துடைப்பா என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சேவை எப்படி உண்டானது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அதில்தான் தெரியும். நம் ஜி.பி.க்களின் ஒப்பந்த நேரம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 மணியிலிருந்து மாலை 6.30 வரை. அதற்கு வெளியே, ராத்திரி, வார இறுதி, வங்கி விடுமுறை எல்லாம் சேர்ந்தால் ஒரு வாரத்தின் பெரும்பகுதி அதுதான். 2004-க்கு முன்னால் அந்த நேரத்துக்கும் ஜி.பி.க்களே பொறுப்பு, தாங்களே பார்த்தார்கள் அல்லது நாலைந்து கிளினிக்குகள் சேர்ந்து முறை வைத்துப் பார்த்தார்கள். 2004-இல் வந்த புது ஒப்பந்தம் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள வழி கொடுத்தது, பெரும்பாலானவர்கள் விலகிக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரியும் விழித்திருந்த டாக்டர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் விளைவு என்ன? ராத்திரி உங்கள் அம்மாவைப் பார்க்கப்போகிற டாக்டர் அவரை அதற்கு முன் பார்த்ததே கிடையாது, பெரும்பாலும் அதற்குப் பிறகும் பார்க்கப்போவதில்லை. அந்த டாக்டருக்குக் கைகொடுக்க வேண்டியது காகிதமும் கணினியும் ஒரு மருந்துப் பையும்தான். அந்த மூன்றில் ஒன்று தவறினாலும் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டில் இரண்டு சாவுகள் சாட்சி.

முதலாவது 2005 ஈஸ்டர் விடுமுறை. லண்டனில் பென்னி கேம்ப்பெல் என்ற பத்திரிகையாளர், வயது 41. நான்கு நாளில் எட்டு டாக்டர்களிடம் பேசினார், எல்லாரும் காமிடாக் என்ற ஒரே இரவுச் சேவையைச் சேர்ந்தவர்கள். அவர் இரத்தத்தில் கிருமி பரவிக்கொண்டிருந்தது, எட்டுப் பேரில் ஒருவருக்கும் அது பிடிபடவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் புது நோயாளியாகவே தெரிந்தார், ஏனென்றால் முந்தின டாக்டர் என்ன எழுதினார் என்பது அடுத்தவர் கைக்கு வரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எட்டு சாதாரண அழைப்புகள். சேர்த்துப் படித்திருந்தால் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருக்கும் ஒரு பெண். அவர் இறந்துபோனார்.

இரண்டாவது 2008 பிப்ரவரி, கேம்பிரிட்ஜ்ஷயரில் மேனியா என்ற கிராமம். டேவிட் கிரே, 70 வயது, சிறுநீரகக் கல் வலி. டேக் கேர் நவ் என்ற நிறுவனம் அனுப்பிய டாக்டர் ஜெர்மனியிலிருந்து வந்தவர், பிரிட்டனில் அதுதான் அவருடைய முதல் பணிநேரம். அவர் போட்டது மார்ஃபின் வகையைச் சேர்ந்த டையமார்ஃபின் என்ற வலி மருந்து, 100 மில்லிகிராம், கொடுக்க வேண்டியதைப் போலப் பத்து மடங்கு. 2010-இல் மரண விசாரணை அதிகாரி அதைச் சட்டவிரோதக் கொலை என்று தீர்ப்பளித்தார். அதே வருடம் ஜூலையில் சி.க்யூ.சி. வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அதே நிறுவனத்தில் முந்தின வருடமே, 2007-இல், டையமார்ஃபின் அளவு கூடிப்போன சம்பவங்கள் நடந்திருந்தன, அந்த நோயாளிகள் பிழைத்துக்கொண்டார்கள், உள்ளே வேலை பார்த்தவர்களே எச்சரித்தும் இருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 2006-இலேயே, தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை நாடு முழுக்க ஓர் எச்சரிக்கை அனுப்பியிருந்தது: வீரியம் கூடிய ஊசி மருந்தையும் குறைந்ததையும் ஒன்றாக வைக்காதீர்கள் என்று. யாரோ எழுதினார்கள், யாரோ பெற்றுக்கொண்டார்கள், பையைத் திறந்து பார்க்க ஆள் இல்லை.

சோதனை போடுவது கண்துடைப்பா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பைதான். இங்கே சி.க்யூ.சி. என்பது 2008-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் அமைந்து 2009 ஏப்ரலில் வேலையைத் தொடங்கிய அமைப்பு. இங்கிலாந்துக்கு மட்டும்தான், வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள் உண்டு. ஆஸ்பத்திரி, ஜி.பி., பல் டாக்டர், முதியோர் இல்லம், உங்கள் ஊர் அவசரச் சிகிச்சை மையம், எல்லாமே அதில் பதிவு செய்துகொண்டுதான் நடத்த முடியும்.

சோதனை நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்களுக்கு முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டார்கள். புகார் வந்தால் சொல்லாமலும் வருவார்கள். வந்தது ஒரு சோதனை அதிகாரி, கூடவே ஒரு ஜி.பி., ஒரு நர்ஸ். அந்த ஜி.பி. தானும் ராத்திரிப் பணி பார்க்கிறவர், அவரிடம் எதையும் மழுப்ப முடியாது. காலையில் மேலாளர் அரைமணி நேரம் சேவையைப் பற்றிப் பேசினார், அழகாகத்தான் பேசினார். அப்புறம் அந்த நர்ஸ் என்னிடம் வந்து, “மருந்து ஃபிரிட்ஜைக் காட்டுங்கள்” என்றார்.

எங்கள் ஃபிரிட்ஜில் டெட்டனஸ் தடுப்பூசியும் இன்சுலினும் இருந்தன. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், தினமும் இப்போதைய வெப்பநிலை, அதிகபட்சம், குறைந்தபட்சம் மூன்றையும் எழுத வேண்டும். எங்கள் பதிவேட்டில் ஒரு நாள் கூட விடுபடவில்லை, எனக்கு அதில் பெருமையே இருந்தது. அவர் விரலை வைத்தபடியே கீழே வந்து ஒரு இடத்தில் நின்றார். நான்கு நாள் தொடர்ச்சியாக அதிகபட்சம் என்ற கட்டத்தில் 11.2. நான்கு நாளும் கையெழுத்து இருந்தது, அதில் இரண்டு என்னுடையது. முதல் நாள் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கலாம், வெப்பமானியில் பழைய எண்ணை அழித்துப் புதிதாகத் தொடங்காததால் அதே எண் மறுபடி மறுபடி வந்திருக்கலாம். இருக்கலாம். ஆனால் நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கிறோம், அந்த ஊசிகள் இன்னும் வேலை செய்யுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் திட்டவில்லை. “இந்த எண்ணைப் பார்த்ததும் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியும், செய்யாமல்தான் இருந்தேன். அன்றைக்கு மதியமே அந்த மருந்துகளைத் தனியே எடுத்து வைத்து, தயாரிப்பு நிறுவனத்திடம் கேட்டு, பாதியைத் தூக்கிப் போட்டோம்.

அவர்கள் பார்க்கும் மற்றவையும் இதே வகைதான். அவசர மருந்துப் பெட்டியில் அட்ரினலின், பென்சில்பெனிசிலின், குளூகோஸ் எல்லாம் இருக்கிறதா, தேதி முடியவில்லையா. ஆக்ஸிஜன் சிலிண்டரில் காற்று இருக்கிறதா. இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியின் ஒட்டு அட்டைகள் காலாவதி ஆகவில்லையா. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் குழந்தைக்கான அளவு இருக்கிறதா (எங்களிடம் இருந்தது, ஆனால் எந்த இழுப்பறையில் என்று அன்றைக்குப் பணியில் இருந்த டாக்டருக்குத் தெரியவில்லை, அதையும் குறித்துக்கொண்டார்கள், நியாயம்தான், ராத்திரி மூன்று மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது). மார்ஃபின் வகை மருந்துகளின் பதிவேட்டில் உள்ள கணக்கும் அலமாரியில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா. வெற்று மருந்துச்சீட்டுகளின் வரிசை எண் எழுதி வைத்திருக்கிறார்களா. வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற டாக்டரின் கார், அதில் உள்ள பை, இரண்டையும் திறந்து பார்த்தார்கள்.

அப்புறம் ஆட்களின் கோப்பு. இரவுச் சேவைகள் பெரும்பாலும் தற்காலிக டாக்டர்களை வைத்துத்தான் ஓடுகின்றன, ஏஜென்சி வழியாக வருவார்கள், ஒரு மாதம் இருப்பார்கள், போவார்கள். சோதனை அதிகாரி பட்டியலில் ஐந்தாறு பெயரைத் தொட்டு, இவர்களுடைய கோப்பைக் கொண்டுவாருங்கள் என்பார். மருத்துவக் கவுன்சில் பதிவு, ஜி.பி. வேலை பார்க்க அனுமதிக்கும் தேசியப் பட்டியலில் பெயர், குற்றப் பின்னணிச் சான்று, காப்புறுதி, குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி, முந்தைய இடத்திலிருந்து கடிதம், முதல் நாளில் இந்தச் சேவையைப் பற்றி யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற பதிவு. டேவிட் கிரே இறந்த காலத்தில் ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தது, ஒரு இடத்தில் ஆங்கிலம் போதாது என்று தள்ளப்பட்டவர் இன்னொரு இடத்தில் சேர்ந்துவிட முடிந்தது, அந்த டாக்டர் விஷயத்தில் அதுதான் நடந்தது. 2013-இல்தான் இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே பட்டியல் வந்தது, ஐரோப்பிய டாக்டர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்க மருத்துவக் கவுன்சிலுக்கு 2014-இல்தான் அதிகாரம் கிடைத்தது. அதனால் கோப்பில் ஒரு தாள் குறைகிறது என்று அறிக்கையில் வந்தால் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் என்னைக் கேட்டால் சோதனையில் மிக முக்கியமான இடம் மருந்து அலமாரியும் இல்லை, கோப்பும் இல்லை. காத்திருப்போர் பட்டியல்தான். ஒரு சனிக்கிழமை ராத்திரி கணினித் திரையில் நாற்பது பெயர் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரத்துக்குள் பேச வேண்டும் என்று எதிரே ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கும். 2004-இல் வகுத்த தர வரையறையில் அவசரமான அழைப்புக்கு 20 நிமிடத்துக்குள் மருத்துவ மதிப்பீடு, மற்றவற்றுக்கு 60 நிமிடம், நேரில் பார்ப்பதென்றால் உயிர் ஆபத்துக்கு 1 மணி, அவசரத்துக்கு 2 மணி, மற்றவற்றுக்கு 6 மணி என்று இருந்தது. அடுத்த வேலைநாள் காலை 8 மணிக்குள் நடந்ததை எல்லாம் நோயாளியின் சொந்த ஜி.பி.க்கு அனுப்பிவிட வேண்டும் என்ற விதியும் அதில்தான். பிற்காலத்தில் அளவுகோல்கள் மாறினாலும் அந்தப் பட்டியலில் யார் ஒரு கண் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வி மாறவில்லை. கெடு தாண்டிவிட்ட நோயாளிக்கு ஒரு நர்ஸ் கூப்பிட்டு, “எப்படி இருக்கிறீர்கள், கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். எங்களிடம் ஒரு ராத்திரி 80 வயதுத் தாத்தா ஒருவர், வயிற்றுப்போக்கு என்று அழைத்தவர், கெடு தாண்டி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் கூப்பிட்டபோது அவர் மனைவி எடுத்து, தூங்குகிறார் என்றார். எழுப்பிப் பேசச் சொல்லுங்கள் என்றேன். வந்த குரல் குழறியது, கிழமை கேட்டேன், தெரியவில்லை. நாங்களே 999-க்குச் சொன்னோம். இந்த ஒரு அழைப்பை யாரும் செய்யாமல் விட்டிருந்தால் அந்த வீட்டில் காலையில்தான் தெரிந்திருக்கும். உங்கள் மையத்தின் அறிக்கையில் காத்திருப்பவர்களைத் திரும்ப அழைத்துப் பார்க்கும் ஏற்பாடு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

எண்களை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கார்ன்வாலில் செர்கோ நிறுவனம் நடத்திய இரவுச் சேவையில், 2012 ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே செயல்திறன் புள்ளிவிவரத்தில் 252 திருத்தங்கள் செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. தேசியத் தணிக்கை அலுவலகம் 2013-இல் அதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. உள்ளேயிருந்து சிலர் தைரியமாகச் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது. அதனால்தான் சோதனைக்கு வருகிறவர்கள் அலுவலகத்தில் காட்டும் அட்டவணையோடு நிற்காமல், வரவேற்பில் இருப்பவரையும் கார் ஓட்டுநரையும் தனியே கூப்பிட்டு, இங்கே ஒரு தப்பு நடந்தால் சொல்ல முடியுமா, சொன்னால் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். எங்கள் ஓட்டுநர் ஒருவர் சொன்ன பதில்தான் எங்களுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்தது.

சரி, தரத்துக்கு வருவோம். ஐந்து கேள்விகள் உண்டு: பாதுகாப்பானதா, சிகிச்சை பலன் தருகிறதா, அக்கறையோடு நடத்துகிறார்களா, மக்களின் தேவைக்கு ஏற்ப இயங்குகிறதா, நிர்வாகம் சரியாக இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் நான்கில் ஒரு தரம்: மிகச் சிறப்பு, நன்று, முன்னேற்றம் தேவை, போதாது. ஒரு பகுதியில் மட்டும் ‘முன்னேற்றம் தேவை’ வாங்கிய சேவைக்கு மொத்தத் தரம் ‘நன்று’ என்றே இருக்கக்கூடும், அதனால் வாசலில் ஒட்டியிருக்கும் தாளை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். (அந்தத் தாளை ஒட்டியே ஆக வேண்டும், 2015-இலிருந்து சட்டம்.)

நான் படிக்கும் விதம் இதுதான். பாதுகாப்பு, நிர்வாகம் இரண்டையும் சேர்த்துப் படிப்பேன். பாதுகாப்பில் குறை இருந்து நிர்வாகம் ‘நன்று’ என்றால், ஏதோ சில விஷயங்கள் தவறிவிட்டன, சுட்டிக்காட்டியதும் திருத்திவிடுவார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். இரண்டிலுமே குறை என்றால் யோசிப்பேன், ஏனென்றால் தப்பு நடப்பது எந்த இடத்திலும் உண்டு, தப்பு நடந்தும் அதைக் கண்டுகொள்ளாத இடம்தான் டேக் கேர் நவ். அறிக்கையில் சம்பவங்களிலிருந்து பாடம் கற்பது பற்றி ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். “சம்பவங்கள் பதிவு செய்யப்பட்டன, ஆனால் ஊழியர்களுடன் பகிரப்படவில்லை” என்கிற மாதிரி ஒரு வாக்கியம் அங்கே இருந்தால் எனக்கு அது ஃபிரிட்ஜைவிடக் கவலை தரும்.

கடைசியில் எந்த விதி மீறப்பட்டது என்று எண் போட்டிருப்பார்கள். 12 என்றால் பாதுகாப்பான சிகிச்சை, 17 என்றால் நிர்வாகம், 18 என்றால் போதிய ஆட்கள், 19 என்றால் வேலைக்கு எடுக்கும்போது செய்ய வேண்டிய சரிபார்ப்பு. அதோடு என்ன நடவடிக்கை என்றும் இருக்கும். வெறும் திருத்தத் திட்டம் கேட்டிருக்கிறார்களா, அல்லது கெடு வைத்து எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்களா என்பது பெரிய வித்தியாசம். நோயாளிகளுக்கு உடனடி ஆபத்து என்று நினைத்தால் அன்றைக்கே நிபந்தனை விதிக்கவும் பதிவை நிறுத்தி வைக்கவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. உங்கள் மையம் இன்றைக்கும் திறந்திருக்கிறது என்றால் பதிவை நிறுத்தும் அளவுக்குப் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம், நிபந்தனை ஏதும் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

தேதியையும் கட்டாயம் பாருங்கள். இதில் சி.க்யூ.சி. மேலேயே எனக்கு வருத்தம் உண்டு. 2024-இல் டாக்டர் பென்னி டாஷ் தலைமையில் அரசு ஒரு மறுஆய்வு நடத்தியது. சி.க்யூ.சி. சோதனை போட வேண்டிய இடங்களில் ஐந்தில் ஒன்றுக்கு ஒரு தடவை கூடத் தரம் கொடுக்கப்படவில்லை என்றும், பல இடங்களின் தரம் பல வருடப் பழையது என்றும் அதில் தெரியவந்தது. அந்த அமைப்பு தன் வேலைக்கு லாயக்காக இல்லை என்று சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங்கே வெளிப்படையாகச் சொன்னார். ஐந்து வருடத்துக்கு முந்தைய ‘நன்று’ என்பது இன்றைக்கு அங்கே வேலை பார்க்கும் ஒருவரைப் பற்றியும் எதுவும் சொல்லாது. மூன்று மாதத்துக்கு முந்தைய ‘முன்னேற்றம் தேவை’ என்றால், அந்த ஃபிரிட்ஜ் பதிவேட்டை இன்றைக்கு யாரோ ஒருவர் உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நான் கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். எங்கள் இடத்தில் அப்படித்தான் இருந்தது.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் மருந்துகளின் பெயர், அளவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கைப்பையில் வையுங்கள். மருந்தும் ஒவ்வாமையும் அடங்கிய சுருக்கப் பதிவை இரவுச் சேவை டாக்டர் கணினியில் பார்க்க முடியும், ஆனாலும் கையில் தாள் இருப்பது நல்லது. முதலில் 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், மையத்தில் நேரம் பதிவு செய்து கொடுப்பார்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டாவது தடவை கூப்பிட்டால், “இது இரண்டாவது அழைப்பு, நேற்றைவிட இன்றைக்கு இன்னது கூடியிருக்கிறது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பென்னி கேம்ப்பெல்லின் எட்டு அழைப்புகளை மறக்காதீர்கள்.

மொழி பற்றி ஒன்று. அம்மாவுக்கு ஆங்கிலம் சரளம் இல்லையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், போனிலேயே இணைப்பார்கள், காசு கிடையாது. நீங்களே மொழிபெயர்க்கும்போது உங்களையும் அறியாமல் சுருக்குவீர்கள், நம் வீடுகளில் இது நடந்துகொண்டேதான் இருக்கிறது. அம்மா “ஒரு மாதிரியா வருதும்மா, நெஞ்சைப் பிடிக்கிற மாதிரி, அப்புறம் சரியாப் போயிருது” என்பார், மகள் அதை “கொஞ்சம் அசதி” என்று ஆங்கிலத்தில் சொல்வார். பேரப்பிள்ளைகளை வைத்துப் பேச வைப்பது அதைவிட மோசம், பாட்டி பிள்ளையின் முன்னால் சிறுநீர் எரிச்சலைச் சொல்லவே மாட்டார்.

மையத்தில் அவருக்கு மூச்சு வேகம், ஆக்ஸிஜன், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, வெப்பநிலை, தெளிவு ஆறையும் பார்த்து ஒரு மதிப்பெண் போட வேண்டும். 5 ஆனாலே அவசரம், 7 அல்லது அதற்கு மேல் போனால் பெரிய ஆஸ்பத்திரிதான். புதிதாக வந்த குழப்பத்துக்கு மட்டுமே 3 மதிப்பெண். வயதானவர்களுக்குக் கிருமி பரவும்போது காய்ச்சல் அவ்வளவாக இல்லாமல் குழப்பம் மட்டும் வருவதுண்டு, அதனால் “அம்மா வழக்கமாக இப்படிப் பேச மாட்டார்” என்று நீங்கள் சொல்லாவிட்டால், அவரை முதல் தடவையாகப் பார்க்கிற டாக்டருக்கு அது தெரிய வழியே இல்லை. கருத்த தோலில் ஆக்ஸிமீட்டர் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும், எண் நன்றாக இருந்தும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளைப் பாருங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கிளம்பும் முன், எது நடந்தால் திரும்ப வர வேண்டும், எத்தனை மணி நேரத்தில் குறைய வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொல்லாமல் அனுப்பினால் நின்று கேளுங்கள், நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஏதாவது தவறாக நடந்தால் புகாரை அந்த மையத்துக்கே எழுதுங்கள், 12 மாதத்துக்குள். அவர்கள் பதில் திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாணையர் இருக்கிறார். தனிப்பட்ட புகாரை சி.க்யூ.சி. தீர்த்துவைக்காது, ஆனால் அவர்களுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள், அடுத்த சோதனை எப்போது, எங்கே என்று முடிவு செய்வதில் அந்த வரிகளுக்கு இடம் உண்டு. நம் ஆட்கள் கல்யாண வீட்டில் பத்துப் பேரிடம் சொல்வார்கள், எழுத வேண்டிய இடத்தில் எழுத மாட்டார்கள். நன்றாகப் பார்த்திருந்தாலும் எழுதுங்கள்.

உங்கள் மையத்தின் அறிக்கையில் இருக்கும் சோதனைத் தேதியையும், கடைசிப் பக்கத்தில் இருக்கும் விதி எண்களையும் பார்த்து இங்கே போடுங்கள். 12 மட்டுமா, 17-ம் சேர்ந்தா என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.